கரையேற்றிய கப்பல்: நமது கடல் வரலாற்றில் எழுதப்படாத பக்கம்

என் சிறுவயது மூதூரில் கழிந்தது. மாரி தொடங்கும் முன்னரே எங்களூர்த் தோணிகள் கரைக்கு ஏறிவிடும். என் மூத்தவாப்பாவிடம் ஒரு பாய்த்தோணி இருந்தது. கொட்டியாரக்குடாவைக் குறுக்கறுத்து மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் நெல்லும் விறகும் தேங்காயும் ஏற்றி இறக்கிய தோணி அது. ஐப்பசி நடுவில் வாடைக்காற்றின் குணம் தெரிந்ததும் கடற்கரையில் பதினைந்து, இருபது பேர் கூடுவார்கள். தென்னங்குற்றிகளை மணலில் வரிசையாகப் போட்டு, கயிறு கட்டி, குரல் கொடுத்து, எல்லாரும் ஒரே மூச்சில் இழுத்து மேட்டுக்குக் கொண்டுவந்து, இருபக்கமும் முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். இழுத்தவர்களுக்குப் பிளேன்ரீயும் பணியாரமும் எங்கள் வீட்டிலிருந்து போகும். அவற்றைச் சுமந்துகொண்டு போவது என் வேலை.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மூத்தவாப்பா ஒரு சின்னச் சுத்தியலோடு தோணிக்குக் கீழே குனிவார். பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போவார். இறுக்கமான சத்தம் வந்தால் நல்ல பலகை. பொத்தென்று வந்தால் அந்த இடத்தில் கரியால் ஒரு கோடு போடுவார். எந்தப் பலகை, எந்த மூட்டு, எவ்வளவு பஞ்சு, எவ்வளவு குங்கிலியம் என்று எல்லாவற்றையும் பின்னேரத்தில் ஒரு கணக்குக் கொப்பியில் எழுதுவார். அரபுத் தமிழில் எழுதுவார்.

ஒருமுறை நான் கேட்டேன்: "தோணி நல்லாத்தானே இருக்கு மூத்தவாப்பா, என்னத்துக்குத் தட்டிப் பாக்கிறீங்க?"

"கடல்ல கிடக்கக்குள்ள எல்லாத் தோணியும் நல்ல தோணிதான் மனே. மேல ஏத்திப் பாத்தாத்தான் அதுட நோய் வெளங்கும்" என்றார்.

பல வருடங்கள் கழித்து, ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, இப்னு மாஜிதின் கடல்நூலைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். ஜுல்பாரில், அதாவது இன்றைய றாஸ் அல் கைமாவில், பிறந்தவர் அவர். 'கிதாபுல் பவாயித்' என்ற அவருடைய பெருநூல் 1490 அளவில் நிறைவடைந்தது. வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் என்ற கதையினால்தான் நம்மவர் பலருக்கு அவரைத் தெரியும். அந்தக் கதையை ஆய்வாளர் பலர் இன்று ஏற்பதில்லை. அந்நூலில் மாலுமிக்கு அவர் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று என்னை நிறுத்தி வைத்தது. கப்பல் கரையில் இருக்கும்போதே அதை நன்றாக ஆராய்ந்து பார்த்து, அதிலுள்ள குறைகளை எல்லாம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். சுத்தியலும் கரித்துண்டும் கொப்பியுமாக என் மூத்தவாப்பா செய்தது அதுதான். அவர் இப்னு மாஜிதின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒற்றுமைதான். இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை நாம் நூறு வருடங்களுக்கு மேலாக ஒரே கேள்வியைச் சுற்றி எழுதி வருகிறோம்: நாங்கள் எங்கிருந்து வந்தோம்? 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரின் இனவரலாறு பற்றிக் கட்டுரை படித்தார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. மரைக்காயர் என்ற பெயருக்கு மரக்கலத்தைக் காட்டுகிறோம். சிங்களவர் நம்மவரைக் குறித்த 'ஹம்பன்காரயா' என்ற சொல்லுக்குச் சம்பான் படகைக் காட்டுகிறோம். பெயரெல்லாம் கப்பலிலிருந்து வந்ததென்கிறோம். ஆனால் அந்தக் கப்பலை இழுத்தது யார், தைத்தது யார், அதற்கு எண்ணெய் பூசியது யார் என்று நாம் கேட்டதில்லை. வந்த கப்பல் கரையில் எத்தனை மாதம் கிடந்தது, அந்த மாதங்களில் என்ன நடந்தது என்பதும் நம் நூல்களில் இல்லை.

கடல் அடைபடும் காலம்

பாய்க்கப்பலின் காலத்தில் இந்து சமுத்திரம் வருடம் முழுவதும் திறந்திருந்த கடல் அல்ல. தென்மேல் பருவக்காற்று உச்சத்தில் வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மலபார்க் கரைத் துறைமுகங்கள் மூடப்பட்டுவிடும். அரபு மாலுமிகள் இதைக் கடல் அடைபடுதல், 'கல்குல் பஹ்ர்' என்றார்கள். அந்த நாட்களில் கப்பல் ஒன்று ஒதுக்கமான கழியில் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் கரைக்கு ஏற வேண்டும்.

இலங்கையின் நிலைமை இதில் சற்று வேறானது. தென்மேல் காற்றில் பேருவளை, காலிப் பக்கம் கொந்தளிக்கும்போது கிழக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். நாங்கள் கச்சான் காலம் என்போம். கார்த்திகை, மார்கழியில் வாடை வீசிக் கிழக்குக் கடல் கலங்கும்போது மேற்கே கடல் அமரும். ஒரு தீவு, இரண்டு கரை, இரண்டு கரையேற்று காலம். கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் கல்யாணம், கந்தூரி, கடன் கொடுக்கல் வாங்கல் எல்லாம் இந்தக் கணக்கோடு பின்னிக் கிடந்தன. எங்களூரில் "தோணி ஏறின பிறகு பாப்பம்" என்பது ஒரு தவணைப் பேச்சு. கடனுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான்.

கப்பல் கரையில் கிடந்தால் ஆட்களும் கரையில் கிடப்பார்கள். 1343இல் மாலைதீவுக்குப் போன இப்னு பதூதா, அங்கே வரும் கப்பல்காரர்கள் தங்கும் காலத்துக்கு மணம்செய்து, புறப்படும்போது மணவிலக்குச் செய்துவிட்டுப் போவதை எழுதியிருக்கிறார். அவரும் அங்கே மணம் முடித்தார், காழியாராகவும் இருந்தார். எல்லாரும் விலக்கிவிட்டுப் போயிருக்க மாட்டார்கள். தங்கியவர்களும் இருந்திருப்பார்கள். வணிகம் செய்ய வந்தவர்கள் குடியேறினார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். வணிகத்துக்குச் சில நாட்கள் போதும். மாதக்கணக்கில் ஆட்களை ஒரு கரையில் கட்டிப்போட்டவை காற்றும் கப்பலின் பழுதும்தான். குடியேற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, இதை மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இதை விட்டுவிட்டுச் சொல்லும் கதை முழுமையடையாது.

மரம் தின்னும் புழு

வெப்பக்கடலில் மரக்கலத்துக்குப் புயலைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. பார்த்தால் புழு. ஆனால் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குஞ்சாக நீரில் மிதந்து வந்து பலகையில் ஒட்டி, ஊசிமுனை அளவுக்குத் துளைபோட்டு உள்ளே போய்விடும். உள்ளே போனபிறகு வளர வளரத் துளையும் பெருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே பலகை தேன்கூடுபோல ஆகியிருக்கும். மூத்தவாப்பாவின் சுத்தியலுக்குப் பொத்தென்று பதில் சொன்னது இந்தப் பலகைதான்.

குளிர்க்கடலைவிட நமது கடலில் இது வேகமாக வளரும். இதோடு கொட்டலசும் பாசியும் அடிப்பலகையில் மண்டிவிடும். அப்படியான தோணி நல்ல காற்றிலும் நகராது, சுக்கானுக்கும் அடங்காது. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை தண்ணீரிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். எடுத்துக் காயவிட்டாலே பாதிப் புழு செத்துவிடும். மிச்சத்துக்குத் தென்னோலைச் சூள் கொளுத்தி, அடிப்பலகையைக் கருக்காமல் சூடு மட்டும் ஏறும்படி காட்டிக்கொண்டு போவார்கள். அது சாதாரண வேலையல்ல. ஒரு கை பிசகினால் தோணியே போய்விடும். எங்களூரில் அதற்கென்று கைதேர்ந்த இரண்டு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் தண்ணீர் வாளியோடு பின்னால் நிற்பார்கள். பிள்ளைகளான எங்களுக்கு அது பெருநாள் மாதிரி.

பிறகு மூட்டுகளில் பஞ்சு அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். இந்த அடைப்பு வேலைக்குக் கரையோரத் தமிழில் 'கலப்பத்து' என்று பெயர். இந்தச் சொல்லின் பயணமும் கவனிக்கத்தக்கது. போர்த்துக்கேயரிடம் 'கலபாத்தே' என்றொரு சொல் உண்டு. அது அரபு மொழியின் 'கல்பத' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். வளைகுடாவில் கப்பல் தச்சனை இன்றும் 'கல்லாப்' என்றுதான் அழைக்கிறார்கள். மூத்தவாப்பாவின் கொப்பியில் அந்தச் சொல் அரபு எழுத்தில் கிடந்தது. அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

தைத்த கப்பல்

நமது கடலில் நெடுங்காலம் ஓடிய கப்பல்களுக்கு இரும்பு ஆணி கிடையாது. பலகைகளில் துளையிட்டு, தென்னந்தும்புக் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்தார்கள். அல்குர்ஆனில் சூரத்துல் கமர் 13ஆம் வசனத்தில் நூஹ் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கப்பலைக் கூறுமிடத்தில் பலகைகளோடு சேர்த்து 'துசுர்' என்ற சொல் வருகிறது. ஆணிகள் என்று பொருள் சொன்ன முபஸ்ஸிரீன்களும் உண்டு, பலகையைப் பிணைக்கும் நார் என்றவர்களும் உண்டு. தைத்த கப்பலைக் கண்டவர்களுக்கு இரண்டாவது பொருள் அந்நியமாக இருந்திருக்காது.

1183இல் ஹஜ்ஜுக்குப் போன அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், செங்கடலின் ஐதாப் துறையில் தைத்த படகுகளைக் கண்டு எழுதியிருக்கிறார். தென்னந்தும்பை அடித்துத் திரித்துக் கயிறாக்கித் தைத்து, ஈச்ச மரச் சிம்புகளால் இறுக்கி, பிறகு நெய், ஆமணக்கெண்ணெய், சுறா எண்ணெய் இவற்றில் ஒன்றைப் பூசுவார்கள், அவற்றில் சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார். பவளப்பாறைகள் நிறைந்த அந்தக் கடலில் பலகை வளைந்துகொடுக்கும்படி மென்மையாக இருப்பதற்கே இந்த எண்ணெய். இப்னு பதூதாவும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்: ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து தப்பும். மாலைதீவின் தும்புக் கயிறு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் ஏற்றுமதியானதையும் அவர் குறித்திருக்கிறார்.

இப்னு ஜுபைர் வேறொன்றையும் சொல்லாமல் விடவில்லை. ஐதாபின் படகுக்காரர்கள் ஒரே பயணத்தில் படகின் விலையை எடுத்துவிடும் பேராசையில் ஹாஜிகளை அளவுக்கு மீறி அடைத்து ஏற்றினார்கள். பலகைக்கு என்ன ஆகுமென்று பார்த்தார்களே தவிர, அதில் இருந்த உயிர்களைப் பொருட்படுத்தவில்லை என்று அவர் மனம் வெந்து எழுதுகிறார். ஆக, எண்ணெய் பூசுவதும் தைப்பதும் கைவேலை மட்டுமல்ல, அமானிதமும்கூட. பழுது பார்க்காத கப்பலில் ஆட்களை ஏற்றுவது பற்றி ஒரு மார்க்க அறிஞர் 840 வருடங்களுக்கு முன்னரே முறையிட்டிருக்கிறார்.

தைத்த கப்பலுக்கு ஒரு குறை உண்டு. கயிறு நிரந்தரமல்ல. உப்பிலும் வெயிலிலும் இற்றுப்போகும். காலத்துக்குக் காலம் கரையேற்றி, தையலைப் பிரித்து, மறுபடி தைக்க வேண்டும். இதற்குச் சான்றாக எழுத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. 1998இல் இந்தோனேசியாவின் பெலிடுங் தீவுக்கு அருகே ஒன்பதாம் நூற்றாண்டு அரபுக் கப்பலொன்று கண்டெடுக்கப்பட்டது. சுமார் 60,000 சீன மட்பாண்டங்கள் அதில் இருந்தன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்கு ஒத்த சீன ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. அந்தக் கப்பலின் தையல் நாரை ஆராய்ந்தபோது அது தென்னந்தும்பாக இல்லை. தென்கிழக்காசியக் கரையோரத்தில் வளரும் செம்பருத்தி இன மரமொன்றின் நாராக இருந்தது. அதனால்தான், மேற்கே கட்டப்பட்ட அந்தக் கப்பல் கிழக்கே எங்கோ கரையேற்றப்பட்டு மறுபடி தைக்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்தக் கரை, யார் தைத்தார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கைகளின் சாட்சி ஒரு துண்டு நார் மட்டுமே.

சுண்ணாம்பும் கொழுப்பும்

ஐரோப்பியர் வந்தபிறகு ஆணி அடிக்கும் வழக்கம் பரவியது. அடிப்பலகையைப் பேணும் முறை மட்டும் மாறவில்லை. வளைகுடாக் கப்பல்களில் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் சுண்ணாம்பையும் மிருகக் கொழுப்பையும் குழைத்து நீர்மட்டத்துக்குக் கீழே அப்பினார்கள். கையாலேயே அப்புவார்கள். அது வெள்ளைத் தோல்போலக் காய்ந்துவிடும். புழு முதலில் அந்தத் தோலில்தான் நுழைய வேண்டும். அடுத்த முறை கரையேற்றும்போது அதைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாக அப்புவார்கள். நீர்மட்டத்துக்கு மேலே மீன் எண்ணெய். பழைய படங்களில் அரபுக் கப்பல்களின் அடிப்பாகம் வெள்ளையாகவும் மேற்பாகம் தேன்நிறமாகவும் தெரிவதன் காரணம் இது.

குவைத்தில் இதற்கென்றே கடற்கரை நெடுகிலும் கல்லணை கட்டிய சிறு தடாகங்கள் இருந்தன. 'நக்ஆ' என்று பெயர். வெள்ளம் ஏறும்போது கப்பல் உள்ளே வரும், வற்றும்போது தரைதட்டி நிற்கும். அந்த இடைவெளியில் வேலை செய்வார்கள். பெரிய கப்பலை மேட்டுக்கு இழுக்கத் தேவையில்லை. ஏற்றவற்றம் குறைந்த நம் கரையில் அந்த வசதி இல்லை. சாதாரண நாட்களில் கடல்நீர் இங்கே முழங்கால் உயரத்துக்கு மேல் ஏறி இறங்குவது அரிது. அதனால்தான் நமக்கு உருளைக்குற்றியும் கயிறும் இருபது ஆளும் தேவைப்பட்டார்கள். கரையேற்றுவது இங்கே ஊர்கூடிச் செய்யும் வேலையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆங்கிலேயர் 1761இல் ஒரு போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு பதித்துப் பார்த்து, பிறகு 1780 அளவில் தங்கள் கடற்படை முழுவதற்கும் அதைச் செய்தார்கள். செம்பு புழுவையும் பாசியையும் அண்டவிடாது. ஆனால் அதன் விலை ஒரு பேரரசுக்குத்தான் கட்டுப்படியாகும். இன்று பணக்காரரின் பாய்ப்படகுகளை இயந்திரத் தூக்கியால் ஒரு மணித்தியாலத்தில் கரைக்கு எடுத்துவிடுகிறார்கள். அவற்றுக்குப் பூசும் வர்ணத்திலும் பெரும்பாலும் செம்புதான் கலந்திருக்கிறது. சுரண்டு, காயவிடு, பூசு என்ற மூன்று வேலையும் அன்றுபோலவே இன்றும்.

இரண்டு பாய்மரங்கள்

எங்களூர் உலக வரலாற்றில் ஒருமுறை எட்டிப்பார்த்தது கப்பல் பழுது காரணமாகத்தான். 1659 நவம்பர் 19இல் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் தன் பெரிய பாய்மரத்தை வெட்டிவிட வேண்டியதாயிற்று. புதுப் பாய்மரம் நாட்டுவதற்காக அதைக் கொட்டியாரக்குடாவுக்கு அனுப்பினார்கள். சும்மா வரவில்லை. பரங்கிப்பேட்டை வணிகர்களின் துணிகளையும் அந்த வணிகர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தது. மஹ்மூத் பந்தர் என்று நம்மவர் அழைத்த அதே பரங்கிப்பேட்டை. வணிகர்கள் துணியோடு கரையிறங்கினார்கள், கப்பல்காரர்கள் பாய்மர வேலையைப் பார்த்தார்கள். கடலோரத்துக்குப் பழுது என்றால் தங்கல், தங்கல் என்றால் வியாபாரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற்தலைவனையும் அவன் மகன் றொபேட் நொக்ஸையும் மற்றவர்களையும் பிடித்துக் கண்டி நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் மறுவருடம் இறந்தான். மகன் 1679இல் தப்பி, 1681இல் புத்தகம் எழுதினான். தகப்பன் பிடிபட்ட புளியமரத்தடியில் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. நாங்கள் சிறுவர்களாக அந்த இடத்தில் விளையாடியிருக்கிறோம். கல்லில் வெள்ளைக்காரனின் பெயர் உண்டு. பரங்கிப்பேட்டை வணிகர்களின் பெயர் அந்தக் கல்லிலும் இல்லை, நம் வரலாற்று நூல்களிலும் இல்லை.

சரியாக 350 வருடம் கழித்து இன்னொரு கப்பல் இலங்கையில் பாய்மரம் தேடியது. பெலிடுங் கப்பலை முன்மாதிரியாக வைத்து ஓமானில் ஆணியில்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய 'மஸ்கட்டின் ஆபரணம்' என்ற கப்பல் 2010 பெப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டது. கொச்சிக்கு வந்து, காலிக்கு வந்தது. காலியில் அதன் பாய்மரங்களை மாற்ற வேண்டியதாயிற்று. புதியவற்றுக்கான மரம் இந்த நாட்டிலேயே தேடி எடுக்கப்பட்டது. ஜூலை தொடக்கத்தில் அது சிங்கப்பூரை அடைந்தது.

அந்த நாட்களில் காலிக்குப் போய்த் துறைமுக வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தேன். தூரத்திலிருந்தே மீன் எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. பக்கத்தில் நின்ற இளைஞன் மூக்கைப் பொத்திக்கொண்டான். எனக்கு மூத்தவாப்பாவின் சாறன் ஞாபகத்துக்கு வந்தது. ஏழு பெருநாளைக்குத் துவைத்தாலும் அதிலிருந்து அந்த மணம் போகாது என்று உம்மும்மா சொல்வது வழக்கம்.

இழுத்தவர்கள்

இந்த வேலையைச் செய்தவர்களைத் தங்கள் பெருமையாகப் பேணும் ஓர் ஊரைப் பார்த்திருக்கிறேன். கேரளத்தில் கோழிக்கோட்டுக்குத் தெற்கே சாலியாறு கடலில் கலக்குமிடத்தில் பேப்பூர் இருக்கிறது. 'உரு' என்னும் பெரிய மரக்கலங்களை அங்கே இன்றும் கட்டுகிறார்கள். கட்டிய உருவை ஆற்றில் இறக்குவதும், பழுதுக்கு மேலே ஏற்றுவதும் கலாசிகளின் வேலை. பரம்பரையாக மாப்பிள்ளை முஸ்லிம்கள். கப்பி, வடம், உருளைக்குற்றி, 'தவர்' என்று அழைக்கும் மரச் சுழற்பொறி ஆகியவைதான் ஆயுதம். மூப்பன் ஒருவன் குரல் கொடுக்க, மற்றவர்கள் பாட்டோடு தவரைச் சுற்றுவார்கள். பல நூறு தொன் எடையுள்ள மரக்கலம் விரல் விரலாக நகரும். நான் போனபோது ஒரு முதியவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வடம் உரசிக் காய்த்துப்போன கை. என் மூத்தவாப்பாவுக்கும் அப்படியே இருந்தது.

1988 ஜூலை 8இல் கொல்லத்துக்கு அருகே பெருமண் பாலத்திலிருந்து ரயில் அஷ்டமுடிக் காயலுக்குள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தண்ணீருக்குள் கிடந்த பெட்டிகளைக் கரைக்கு இழுக்கக் கலாசிகளைக் கூப்பிட்டார்கள். கப்பலுக்குப் பழகிய கப்பியும் வடமும் அங்கே வேலை செய்தன. அந்தக் கதையைப் பேப்பூரில் எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே கலாசி என்பது மரியாதையான பெயர்.

நம்மிடையே அப்படியில்லை. வணிகரின் வம்சவரலாறு உண்டு, வைத்தியரின் வரலாறு உண்டு, ஆலிம்களின் வரலாறு உண்டு. கப்பலுக்குக் கீழே குந்தியிருந்து சுண்ணாம்பு அப்பியவனின் வரலாறு இல்லை. எங்கட ஊரிலேயே பெண் கேட்டுப் போகும்போது "அவங்க தோணி இழுக்கிற ஆக்கள்" என்று ஒதுக்கிப் பேசியதை நான் காதால் கேட்டிருக்கிறேன். கப்பலில் வந்த முன்னோரைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, அந்தக் கப்பலை உயிரோடு வைத்திருந்தவரைக் கீழே வைத்திருக்கிறோம். எங்கிருந்து வந்தோம் என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டதன் விலை இது என்று நினைக்கிறேன்.

கொப்பியும் சொற்களும்

மூத்தவாப்பாவின் கணக்குக் கொப்பி இன்று இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் வளவுக்குள் வந்துபோனபோது அலுமாரியோடு அதுவும் போயிற்று. அப்போது எங்களுக்கு ஆட்களைத் தேடுவதுதான் வேலை, கொப்பியை யார் தேடினார்கள்? கரையில் முட்டுக்கொடுத்து நின்ற மரத்தோணிகளும் போயின. பிறகு நிவாரணமாக வந்தவை பைபர் படகுகள். அவற்றைப் புழு தின்னாது. நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். நல்லதுதான், மீனவனின் முதுகு மிச்சம். 2006 ஓகஸ்டில் மூதூரே பெயர்ந்து கந்தளாய்க்குப் போனது. திரும்பி வந்தபோது உருளைக்குற்றிகள் விறகாகிவிட்டிருந்தன. குங்கிலியம் காய்ச்சிய இரும்புச் சட்டி ஒன்று மட்டும் எங்கள் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. இப்போதும் இருக்கிறது.

சூள் காட்டிய இருவரும் மௌத்தாகிவிட்டார்கள். கலப்பத்து அடித்த கடைசி ஆள் எண்பது தாண்டியவர். போன நோன்பில் அவரிடம் போய்க் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதலில் வெட்கப்பட்டார். "இதெல்லாம் எழுதுற விஷயமா சேர்? தோணி இழுக்கிற கதையை ஆரு வாசிக்கிற?" என்றார். இரண்டாம் நாள் அவராகவே பேசத் தொடங்கினார். பஞ்சைத் திரிக்கும் விதம், குங்கிலியம் பதத்துக்கு வந்ததைத் துளிவிட்டுப் பார்க்கும் விதம், இழுக்கும்போது முன்னால் நிற்பவனுக்கும் பின்னால் நிற்பவனுக்கும் தனித்தனிப் பெயர். நாற்பத்து மூன்று சொற்கள் எழுதினேன். அவற்றில் பாதிக்கு மேல் எனக்கே புதியவை. ஆறேழு சொற்களில் அரபு வாடை தெரிகிறது, இரண்டில் போர்த்துக்கேயம். அவற்றை ஒழுங்குபடுத்தி இவ்விதழுக்கே அனுப்பும் எண்ணம் உண்டு, இன்ஷா அல்லாஹ்.

ஆனால் மூதூர் ஒன்று போதாது. கிண்ணியா, புல்மோட்டை, கற்பிட்டி, புத்தளம், மன்னார், பேருவளை, வெலிகாமம், ஹம்பாந்தோட்டை என்று ஒவ்வொரு கரையிலும் இப்படி ஒருவர் இருவர் இன்னும் இருக்கக்கூடும். வாசகர்கள் தங்கள் ஊரில் தோணி கட்டியவர், இழுத்தவர், கலப்பத்து அடித்தவர், பாய் தைத்தவர் யாராவது இருந்தால் போய் உட்காருங்கள். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்காதீர்கள். என்ன வேலை செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள், அதற்கு என்ன பெயர் சொன்னீர்கள் என்று கேளுங்கள். பழைய கணக்குக் கொப்பி இருந்தால், அரபுத் தமிழில் கிறுக்கியிருந்தாலும், ஒரு படம் பிடித்து வையுங்கள்.

அந்த முதியவரிடம் விடைபெறும்போது வாசல் வரை வந்தார். "சேர், ஒண்டு விட்டுப்போச்சு" என்று கூப்பிட்டார். தோணியை மேட்டுக்கு ஏற்றி முட்டுக்கொடுத்த பிறகு, இழுத்த எல்லாரும் தோணியின் பலகையில் ஒருமுறை கை வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாம். ஏன் என்று கேட்டேன்.

"தெரியாது சேர். வாப்பா வெச்சாரு, நானும் வெச்சன்" என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன்.